கல்லீரலைக் கையும் களவுமாகப் பிடிக்க ஒரு வழிகாட்டி

“ராத்திரி ரெண்டே ரெண்டு இட்லிதான் சாப்பிட்டேன், காலையில ஃபாஸ்டிங் 148 காட்டுது” என்று புலம்பும் ஒருவர் எல்லா வீட்டிலும் இருக்கிறார். அவர் முதலில் சந்தேகப்படுவது மீட்டரை. அடுத்து சட்னியை. அதற்கும் அடுத்து, சட்னி அரைத்தவரை. வலது பக்க விலா எலும்புக்கு அடியில் ஒன்றரைக் கிலோ எடையில் சத்தமில்லாமல் படுத்திருக்கும் ஆசாமியை யாரும் சந்தேகப்படுவதே இல்லை. ராத்திரி முழுக்க ரத்தத்தில் சர்க்கரையை ஊற்றிக்கொண்டிருந்தது அந்தக் கல்லீரல்தான். ஊற்றாவிட்டால் விடிவதற்குள் மூளை மயங்கியிருக்கும் என்பது அதன் தரப்பு வாதம். வாதம் நியாயமானது; எவ்வளவு ஊற்றியது என்ற கணக்கை மட்டும் அது யாரிடமும் காட்டுவதில்லை.

அந்தக் கணக்கைக் கேட்டே தீருவது என்று முடிவு செய்துவிட்டவர்களுக்கு இந்த வழிகாட்டி. தேவையான பொருட்கள்: ஒரு கிராமுக்கும் குறைவான ஒரு விசேஷக் குளுக்கோஸ், இரண்டு சிரிஞ்ச் பம்ப், கையை உள்ளே விட்டுச் சூடாக்க ஒரு பெட்டி, பக்கத்து வீட்டில் இரவல் கிடைக்காத ஒரு மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர், எத்திக்ஸ் கமிட்டியின் கையெழுத்து, காலைப் பலகாரம் இல்லாமல் மதியம்வரை படுத்திருக்கச் சம்மதிக்கும் ஒரு நல்ல மனிதர். கடைசியாகச் சொன்னதுதான் கிடைப்பது கடினம்.

மீட்டரை ஏன் நம்பக்கூடாது?

மீட்டர் பொய் சொல்வதில்லை. ஆனால் அதனிடம் கேட்கவேண்டியதை நாம் கேட்பதில்லை. இப்போது ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்று அதற்குத் தெரியாது.

மதுரை மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்தை நினைத்துக்கொள்ளுங்கள். எப்போது போய் எண்ணினாலும் உள்ளே ஆயிரம் பேர் என்று வைத்துக்கொள்வோம். இது மீட்டர் காட்டும் எண். நிமிடத்துக்கு எத்தனை பேர் உள்ளே வருகிறார்கள்? வாசல்கள் பல, எல்லாவற்றிலும் ஆள் நிறுத்த வசதியில்லை. அதனால் இப்படிச் செய்யுங்கள். நிமிடத்துக்கு ஓர் ஆளுக்குச் சிவப்புத் தொப்பி மாட்டி உள்ளே அனுப்புங்கள். அவரும் கூட்டத்தில் கலந்து, டீ குடித்து, மற்றவர்களைப் போலவே ஏதோ ஒரு பஸ்ஸில் ஏறிப் போகட்டும். கொஞ்ச நேரம் கழித்து எந்த மூலையிலாவது நின்று தலைகளை எண்ணுங்கள். ஐம்பது பேரில் ஒருவர் தொப்பிக்காரர் என்றால் நிமிடத்துக்கு ஐம்பது பேர் உள்ளே வருகிறார்கள். அதில் ஒருவர் நீங்கள் அனுப்பியவர், மீதி 49 பேர் தாமாக வந்தவர்கள். எந்த வாசலிலும் நிற்காமல் கணக்கு முடிந்தது.

உடம்பிலும் இதே கணக்குதான். தொப்பி மட்டும் வேறு: ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம், அல்லது கார்பன்-12க்குப் பதில் கார்பன்-13. கதிர்வீச்சு கிடையாது, சிதைவு கிடையாது. எடை மட்டும் கூடுதல். சாதாரணக் குளுக்கோஸின் மூலக்கூறு எடை 180. ஆறாவது கார்பனில் இரண்டு டியூட்டீரியம் மாட்டியது 182. இந்த இரண்டு புள்ளி வித்தியாசத்தை உடம்பு கண்டுகொள்வதில்லை, கருவி கண்டுகொள்கிறது. நமது தொழில் மொத்தமும் இந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

ஆரோக்கியமான ஒருவர் ராத்திரிப் பட்டினிக்குப் பிறகு, ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்குச் சுமார் 2 மில்லிகிராம் குளுக்கோஸை ரத்தத்தில் விடுகிறார். எழுபது கிலோ ஆள் என்றால் நிமிடத்துக்கு 140 மில்லிகிராம். அதே வேகத்தில் ஒரு நாள் போனால் 200 கிராம். எந்த நேரத்திலும் அவருடைய ரத்தம் முழுவதிலும் இருப்பது நாலரை கிராம்தான். ஒரு டீஸ்பூன் சீனியைச் சுற்றி இத்தனை போக்குவரத்து.

முன்னோர்களை வணங்குதல்

எந்தத் தொழிலைத் தொடங்கினாலும் குருவணக்கம் வேண்டும். நமது ஆதிகுரு ஜார்ஜ் டி ஹெவெசி, ஹங்கேரிக்காரர். 1911இல் மான்செஸ்டரில் ரூதர்ஃபோர்டின் ஆய்வகத்தில் வேலை, ஒரு வீட்டில் தங்கிச் சாப்பாடு. தட்டில் மிச்சம் வைத்த இறைச்சி இரண்டு நாள் கழித்து வேறு பெயரில் திரும்பி வருகிறது என்று அவருக்குச் சந்தேகம். வீட்டுக்கார அம்மா சத்தியம் செய்யாத குறையாக மறுத்தார். ஹெவெசி ஒருநாள் மிச்சத்தில் கொஞ்சம் கதிரியக்கப் பொருளைத் தூவிவைத்தார். சில நாள் கழித்து மேசைக்கு வந்த பலகாரத்தின் பக்கத்தில் ஆய்வகத்துக் கருவியை வைத்தார், கருவி காட்டிக்கொடுத்தது. இதை அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். 1943ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது இந்தச் சாப்பாட்டுத் துப்பறிதலுக்காக அல்ல. ஆனால் பரிசு பெற்ற வித்தை இதேதான். வீட்டில் யாரும் இதைப் பின்பற்ற வேண்டாம், சமைப்பவரோடு பகை வரும்.

அடுத்த குரு ருடால்ஃப் ஷோன்ஹைமர். யூதர் என்பதால் 1933இல் ஜெர்மனியின் ஃப்ரைபுர்க்கை விட்டு நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு வந்தார். அதே கொலம்பியாவில்தான் ஹரால்டு யூரி டியூட்டீரியத்தைக் கண்டுபிடித்து 1934இல் நோபல் வாங்கியிருந்தார். யூரியின் மாணவர் டேவிட் ரிட்டன்பெர்க்கும் ஷோன்ஹைமரும் சேர்ந்து, டியூட்டீரியம் ஏற்றிய கொழுப்பை எலிகளுக்கு ஊட்டினார்கள். சாப்பிட்டது உடனே எரியும், சேமிப்பு அப்படியே கிடக்கும் என்பது அன்றைய நம்பிக்கை. நடந்தது வேறு. ஊட்டியதில் பெரும்பகுதி சேமிப்புக்குப் போனது, சேமிப்பில் இருந்தது வெளியே வந்தது. உடம்பில் எதுவும் கிடையாகக் கிடப்பதில்லை, எல்லாம் ஓடிக்கொண்டே இருக்கிறது என்று 1935 முதல் அவர்கள் ஒவ்வொன்றாகக் காட்டினார்கள். ஷோன்ஹைமர் 1941இல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். அவருடைய சிறு புத்தகம் மறு வருடம் அச்சில் வந்தது. இந்தப் பத்தியில் நகைச்சுவைக்கு இடமில்லை, தாண்டிப் போகிறேன்.

தொப்பியை எங்கே மாட்டுவது?

புதியவர்கள் பெரும்பாலும் அலட்சியம் செய்யும் இடம் இது. குளுக்கோஸில் ஆறு கார்பன். எந்தக் கார்பனில் தொப்பி என்பதைப் பொறுத்து, அது எந்தச் சந்தில் கழன்று விழும் என்பது மாறும்.

இரண்டாவது கார்பனில் டியூட்டீரியம் மாட்டினால், குளுக்கோஸ் கல்லீரலுக்குள் தலையை நுழைத்து, பாஸ்பேட் மாட்டிக்கொண்டு, ஃபிரக்டோஸ் வடிவத்தை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினாலே தொப்பி போய்விடும். வாசல்வரை போய்விட்டுத் திரும்பிய பழைய ஆளைப் புது ஆள் என்று எண்ணிவிடுவீர்கள். மூன்றாவது கார்பனில் மாட்டினால் கொஞ்சம் தாங்கும். குளுக்கோஸ் இரண்டாகப் பிளந்த பிறகுதான் கழலும். ஆறாவது கார்பனில் மாட்டிய இரண்டும் இன்னும் கெட்டி. அந்தக் குளுக்கோஸ் தசைக்குப் போய், லாக்டேட்டாகிக் கல்லீரலுக்குத் திரும்பி, மறுபடி குளுக்கோஸாக ஏறிவரும் நீண்ட சுற்றில்தான் பெரும்பாலும் விழுகின்றன. அந்தச் சுற்றுக்குக் கோரி சுழற்சி என்று பெயர். 1947இல் நோபல் வாங்கிய கார்ல், கெர்ட்டி கோரி தம்பதியின் கைவண்ணம். சுற்றி வந்ததைப் புது உற்பத்தி என்றே எண்ண விரும்பினால் ஆறாவது கார்பன்தான் உங்கள் இடம்.

சுற்றி வந்தவரையும் அடையாளம் காண ஆசை என்றால், ஆறு கார்பனிலும் கார்பன்-13 ஏற்றிய குளுக்கோஸ் இருக்கிறது. அது பாதியாகப் பிளந்து, தொப்பியில்லாத வேறொரு பாதியோடு சேர்ந்து திரும்பும்போது, மூன்று தொப்பியோடு வந்து நிற்கும். கருவியில் அது தனி உச்சியாகத் தெரியும். இரண்டாவது கார்பன் கணக்கையும் ஆறாவது கார்பன் கணக்கையும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்தால், கல்லீரல் சும்மா உள்ளே இழுத்து வெளியே விட்ட குளுக்கோஸ் எவ்வளவு என்பது கிடைக்கும். சக்தியைச் செலவழித்துக் காரியம் எதுவும் நடக்காத சுற்று அது. அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

சரக்கு நியாயவிலைக் கடையில் கிடைக்காது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் உள்ள கேம்பிரிட்ஜ் ஐசோடோப் லேபரட்டரீஸ் போன்ற சில இடங்களிலிருந்து வரவேண்டும். டியூட்டீரியத்தின் மூலம் கனநீர். அதற்கு நம் தூத்துக்குடியிலேயே அணுசக்தித் துறை ஓர் ஆலை கட்டியது, ஆனால் அது அணு உலைகளுக்காக. வந்த குளுக்கோஸை அப்படியே உப்புத் தண்ணீரில் கரைத்து ஏற்றிவிடாதீர்கள். கிருமி இல்லை, காய்ச்சல் உண்டாக்கும் கசடு இல்லை என்று மருந்தகம் சான்று தரவேண்டும். சான்று வருவதற்குள் உங்கள் தொண்டருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்துவிடும்.

கேழ்வரகைத் தள்ளிவை

தொண்டர் கிடைத்துவிட்டார் என்று வையுங்கள். அண்ணாச்சி என்றே அழைப்போம். அண்ணாச்சிக்கு நீங்கள் கொடுக்கும் உணவு ஆலோசனை, அவர் இதுவரை எந்த மருத்துவரிடமும் கேட்டிராதது: “ஒரு வாரத்துக்குச் சிறுதானியம் வேண்டாம். சோறு சாப்பிடுங்க.”

இருபது வருடமாகச் சோற்றைக் குறை, கேழ்வரகைக் கூட்டு என்று கேட்டுக் கேட்டு அலுத்த மனிதர், உங்களைக் கடவுளாகவே பார்ப்பார். காரணத்தை மெதுவாகச் சொல்லுங்கள். குளுக்கோஸ் எவ்வளவு எரிந்தது என்று அறிய, கார்பன்-13 ஏற்றிய குளுக்கோஸைக் கொடுத்து, மூச்சில் வெளிவரும் கரியமில வாயுவில் கார்பன்-13 எவ்வளவு கூடுகிறது என்று பார்க்கிறோம். ஆனால் உலகத்தில் உள்ள கார்பனில் ஏறத்தாழ 1.1 சதவீதம் இயற்கையிலேயே கார்பன்-13தான். அது எல்லாத் தாவரத்திலும் ஒரே அளவில் இல்லை. நெல், கோதுமை, உருளைக்கிழங்கு ஆகியவை காற்றிலிருந்து கார்பனைப் பிடிக்கும் நொதி, கனமான கார்பனை ஒதுக்கும் குணமுள்ளது. கரும்பு, மக்காச்சோளம், சோளம், கம்பு, கேழ்வரகு, தினை, சாமை, வரகு எல்லாம் வேறு வழியில் பிடிக்கின்றன, அவ்வளவு ஒதுக்குவதில்லை. அதனால் அவற்றில் கார்பன்-13, நெல்லில் இருப்பதைவிட ஏறத்தாழ ஆயிரத்துக்குப் பதினைந்து பங்கு அதிகம். அளவு அற்பம். ஆனால் மூச்சில் நீங்கள் தேடுவதும் அற்பம்தான். முதல் நாள் ராத்திரி கம்பங்கூழ் குடித்து வந்த அண்ணாச்சி, நீங்கள் ஒரு சொட்டு ட்ரேசர் (தொப்பி மாட்டிய குளுக்கோஸுக்குத் தொழில்முறைப் பெயர்) ஏற்றும் முன்பே தொப்பி மாட்டிய மூச்சை விட்டுக்கொண்டிருப்பார்.

சீனியும் ஆகாது, அது கரும்பு. ஐரோப்பாவில் சர்க்கரை பெரும்பாலும் பீட்ரூட் இனத்துக் கிழங்கிலிருந்து வருவதால் அவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. நாட்டுச் சர்க்கரையும் வெல்லமும் ஆகாது. கருப்பட்டி ஆகும்! பனை மரம் நெல்லின் கட்சி. ஆனால் கடையில் வாங்கிய கருப்பட்டியில் சீனிப்பாகு கலந்திருந்தால் அது அண்ணாச்சியின் மூச்சிலேயே தெரிந்துவிடும் ஆபத்து உண்டு. தேனில் கரும்புச் சர்க்கரையோ சோளச் சர்க்கரையோ கலந்திருப்பதைச் சோதனைக்கூடங்கள் பிடிப்பது இதே வித்தையால்தான்.

டியூட்டீரியம் மட்டும் பயன்படுத்துகிறவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு எதுவும் வேண்டாம். இதை அண்ணாச்சியிடம் சொல்லி அவர் சந்தோஷத்தைக் கெடுக்காதீர்கள் என்று எழுதத் தோன்றுகிறது. எத்திக்ஸ் கமிட்டி படிக்கும் என்பதால் எழுதவில்லை.

சோதனை நாள்

காலை ஏழு மணி. ஒரு கையில் ட்ரேசர் ஏற்ற ஒரு கேனுலா, மறு கையின் புறங்கையில் ரத்தம் எடுக்க இன்னொன்று. இரண்டையும் ஒரே கையில் போட்டுவிட்டு, ஐம்பதில் ஒன்றாக இருக்கவேண்டிய தொப்பி ஏன் பாதிக்குப் பாதி இருக்கிறது என்று சிஸ்டரிடம் கேட்கக்கூடாது.

ரத்தம் எடுக்கும் கையைச் சூட்டுப் பெட்டிக்குள் வையுங்கள். உள்ளே காற்றின் வெப்பம் 55 டிகிரி செல்சியஸ் வரை. சென்னையின் கத்திரி வெயில் போதாதா என்று கேட்பவர்களுக்கு: போதாது. முழங்கைச் சிரையில் வரும் ரத்தம் தசைக்குப் பந்தி வைத்துவிட்டு வரும் ரத்தம். கை சூடானால் தோலடி வழிகள் அகலத் திறந்து, தமனி ரத்தம் பெரும்பாலும் கலையாமல் சிரைக்கு வந்துவிடும். தமனியில் நேரடியாக ஊசி குத்தாமல் தமனிக் கணக்கை எடுக்க மனிதகுலம் கண்ட வழி இது.

ட்ரேசரைத் தொடங்கும் முன் ஒரு குழாய் ரத்தம் எடுங்கள். அடிப்படை மாதிரி இல்லாமல் பின்னால் எடுத்த மாதிரிகளால் பயனில்லை.

இப்போது பம்ப்பை ஓடவிடலாம். எழுபது கிலோ ஆளுக்கு நிமிடத்துக்கு 2.8 மில்லிகிராம். அதை மட்டும் விட்டால், தொப்பிகள் கூட்டத்தில் ஐம்பதுக்கு ஒன்று என்று நிலைபெற ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் அண்ணாச்சி எழுந்து போய்விடுவார். எனவே ஆரம்பத்திலேயே நூறு நிமிடத்துக்கான சரக்கை, 280 மில்லிகிராமை, மொத்தமாகச் செலுத்திவிடுங்கள். இதற்குப் பிரைம் என்று பெயர். பேருந்து நிலையத்தில் ஆயிரம் பேர் இருக்கும்போது முதலிலேயே இருபது தொப்பிக்காரர்களை உள்ளே தள்ளுவது இது. பிறகு இரண்டு மணி நேரம் பொறுமை. கடைசி அரை மணியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ரத்தம். எண்கள் ஒரே அளவில் நின்றால் வெற்றி.

எல்லோருக்கும் நூறு நிமிடம் என்று வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்பீர்கள். அப்படித்தான் ரொம்ப நாள் வைத்துக்கொண்டார்கள். சர்க்கரை நோயாளியின் நிலையத்தில் ஆயிரத்துக்குப் பதில் இரண்டாயிரம் பேர் நிற்கிறார்கள். நீங்கள் தள்ளிய இருபது தொப்பி பத்தாது. இரண்டு மணி நேரத்தில் தொப்பிகள் நிலைபெறவில்லை. தொப்பி குறைவாகத் தெரிந்தால் கணக்கு என்ன சொல்லும்? வெளியிலிருந்து ஆட்கள் ஏராளமாக வருகிறார்கள் என்று சொல்லும். கல்லீரல் கன்னாபின்னாவென்று சர்க்கரை தயாரிக்கிறது என்று கட்டுரைகள் வந்தன. டென்மார்க்கின் ஓடென்ஸில் ஹோதர்-நீல்சனும் பெக்-நீல்சனும் 1990இல் இதைத் தோண்டினார்கள். பிரைமை நோயாளியின் ரத்தச் சர்க்கரைக்குத் தக்கபடி கூட்டி, காத்திருக்கும் நேரத்தையும் நீட்டினால், அந்த மிகை உற்பத்தி பெருமளவு சுருங்கியது. கல்லீரல் குற்றமே செய்யவில்லை என்று அர்த்தமில்லை. குற்றப்பத்திரிகையில் தொகை அதிகமாக எழுதப்பட்டிருந்தது. நோயாளிக்குப் பிரைம் கணக்கிடும்போது அவருடைய ஃபாஸ்டிங் சர்க்கரையை 90ஆல் வகுத்துப் பெருக்குங்கள். இந்த வழிகாட்டியில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்கவேண்டாம்.

ஆய்வகத்துக்குள்

ரத்தத்தைச் சாம்பல் மூடிக் குழாயில் பிடித்து, சுழற்றி, பிளாஸ்மாவை உறையவைத்தாயிற்று. பிறகு புரதத்தை நீக்குங்கள். குளுக்கோஸ் வாயுவாகப் பறக்காது. அதற்கு அசிட்டிக் அன்ஹைட்ரைடும் பிரிடினும் சேர்த்து ஐந்து அசிட்டேட் போர்வைகளைப் போர்த்தினால் பறக்கும். பிரிடின் நாற்றம் சட்டையில் ஏறினால் அன்று வீட்டில் உங்களைத் தனியாக உட்காரவைப்பார்கள். கருவியில் பார்க்கவேண்டிய எண்கள் 200, 202. முதலாவது சாதாரணக் குளுக்கோஸின் துண்டு, இரண்டாவது தொப்பிக்காரரின் துண்டு. இரண்டின் விகிதம்தான் உங்கள் ஆராய்ச்சி முழுவதும்.

எண்கள் நிலையாக இருந்தால் வகுத்தல் ஒன்றே கணக்கு. நிலையாக இல்லாவிட்டால் 1959இல் ராபர்ட் ஸ்டீல் எழுதிய சமன்பாட்டிடம் போகவேண்டும். மாறிக்கொண்டிருக்கும் கூட்டத்தில் எந்தப் பங்கு மட்டும் நன்றாகக் கலக்கிறது என்று அதில் ஓர் எண்ணை நீங்களே போடவேண்டும். சிலர் 0.65 போடுவார்கள், சிலர் 0.5. ஏன் என்று கேட்டால், முந்தைய கட்டுரையில் அப்படித்தான் இருந்தது என்பார்கள். நீங்களும் அப்படியே சொல்லலாம், தப்பில்லை. ஆனால் எதைப் போட்டீர்கள் என்பதை எழுதிவையுங்கள்.

கழித்தல் குறி வந்தால் பதறவேண்டாம். 1979இல் டிஃப்ரோன்சோ, டோபின், ஆண்ட்ரெஸ் மூவரும் எழுதிய கிளாம்ப் முறையில் இது அடிக்கடி நடந்தது. இன்சுலினை ஏற்றிக்கொண்டே, சர்க்கரை விழாமல் 20 சதவீத டெக்ஸ்ட்ரோஸையும் ஏற்றுவார்கள். இன்சுலின் மிகுந்தால் கல்லீரல் வாயை மூடும், உற்பத்தி பூஜ்யத்தை நெருங்கும். ஆனால் டெக்ஸ்ட்ரோஸ் பையிலிருந்து தொப்பியில்லாத கூட்டம் திடீரென்று திமுதிமுவென உள்ளே வருவதால், சமன்பாடு குழம்பி, கல்லீரல் நிமிடத்துக்கு மைனஸ் இத்தனை மில்லிகிராம் சர்க்கரை தயாரிக்கிறது என்று சொல்லும். கல்லீரல் கடன் வாங்கித் தயாரிக்கிறதா என்று பலர் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். 1987இல் ஃபைன்குட், பெர்க்மன், வ்ரானிக் கண்ட தீர்வு எளிமையானது. டெக்ஸ்ட்ரோஸ் பையிலும் கொஞ்சம் ட்ரேசரைக் கலந்துவிடு. அங்கிருந்து வருகிறவர்களிலும் ஐம்பதுக்கு ஒருவர் தொப்பி மாட்டியிருந்தால் கூட்டத்தின் நிறம் மாறாது, மைனஸும் வராது.

கனநீர் குடிக்கும் முறை

உற்பத்தி எவ்வளவு என்று தெரிந்தபின் அடுத்த ஆசை வரும்: அதில் எவ்வளவு கிளைக்கோஜன் சேமிப்பை உடைத்தது, எவ்வளவு லாக்டேட்டிலிருந்தும் அமினோ அமிலங்களிலிருந்தும் புதிதாகச் செய்தது? இதற்குப் பெர்னார்ட் லாண்டாவின் வழி: முதல் நாள் இரவே கனநீரைக் குடிக்கவைப்பது. உடம்புத் தண்ணீரில் அரை சதவீதம் டியூட்டீரியம் ஆகும் அளவுக்கு, எழுபது கிலோ ஆளுக்கு ஒரு டம்ளருக்கு மேல். புதிதாகச் செய்த குளுக்கோஸில் ஐந்தாவது கார்பனில் டியூட்டீரியம் ஒட்டும். எல்லாக் குளுக்கோஸிலும் இரண்டாவது கார்பனில் ஒட்டும். இரண்டின் விகிதம் விடையைச் சொல்லும்.

ஒரே மூச்சில் குடிக்கச் சொல்லாதீர்கள். உள்காதில் சமநிலை பார்க்கும் திரவத்தின் அடர்த்தி சில மணி நேரத்துக்குத் தடுமாறி, ஆளுக்குத் தலைசுற்றும். இரண்டு மூன்று தவணையாகக் கொடுங்கள். 1996இல் லாண்டா குழு சொன்னது: 14 மணி நேரப் பட்டினியில் ஏறத்தாழ பாதிக் குளுக்கோஸ் புதிதாகச் செய்தது, 22 மணியில் மூன்றில் இரண்டு பங்கு, 42 மணியில் 93 சதவீதம். முழு ஏகாதசி விரதம் இருந்து மறுநாள் பாரணைக்குக் காத்திருப்பவரின் கல்லீரலில் அலமாரி அநேகமாகக் காலி, அடுப்பு மட்டும் எரிகிறது.

சாப்பாட்டை வேவு பார்க்க

பட்டினி ஆளைப் பிடிப்பது சுலபம். சாப்பிட்டவரைப் பிடிக்க இரண்டு மூன்று நிறத் தொப்பிகள் வேண்டும். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பாசு தம்பதியும் ரிஸ்ஸாவும், இத்தாலியின் பதுவாவிலிருந்து கோபெல்லியும் சேர்ந்து 2003இல் வகுத்த முறையில் மூன்று ட்ரேசர்: ஒன்று உணவில், மற்ற இரண்டும் சிரை வழியாக, உடம்பு போகும் வேகத்துக்கு ஏற்றபடி நிமிடத்துக்கு நிமிடம் மாறும் அளவில். சாப்பாடு முட்டை, பன்றி இறைச்சி, ஜெல்லி. குளுக்கோஸ் ஜெல்லியில் கரைந்திருந்தது. மருத்துவ அறிவியலின் நுட்பமான அளவீடுகளில் ஒன்று, குழந்தைகள் பிறந்தநாளுக்குச் செய்யும் ஜெல்லியில் நின்றது.

ஜெல்லி வேண்டாம், ரொட்டியும் பாஸ்தாவும் வேண்டும் என்றால், கோதுமையையே கார்பன்-13 கலந்த கரியமில வாயுவில் வளர்க்கவேண்டும். நெதர்லாந்தின் குரோனிங்கனில் அப்படி வளர்த்த கோதுமையில் ரொட்டியும் பாஸ்தாவும் செய்து சாப்பிடக் கொடுத்தார்கள். 2012இல் வெளிவந்த முடிவை இந்த வழிகாட்டியின் எல்லா வாசகர்களும் படிக்கவேண்டும். இரண்டுக்கும் ரத்தச் சர்க்கரைக் கோடு ஏறக்குறைய ஒன்றுதான். மீட்டருக்கு இரண்டும் ஒரே உணவு. ஆனால் பாஸ்தாவிலிருந்து குளுக்கோஸ் மெதுவாகத்தான் உள்ளே வந்தது. இன்சுலின் குறைவாகச் சுரந்ததால் திசுக்கள் அதை மெதுவாகத்தான் எடுத்தன. வரவும் செலவும் சேர்ந்து குறைந்ததால் இருப்பு மாறவில்லை. உணவுப் பட்டியல்களில் கிளைசீமிக் குறியீட்டைப் பார்த்துச் சந்தையில் பேரம் பேசுகிறவர்கள் இந்த இடத்தில் ஒரு நிமிடம் நிற்கலாம்.

இட்லிக்கு இப்படி ஒன்று செய்ய, நெல்லைக் கண்ணாடிக் கூடாரத்தில் கார்பன்-13 காற்றில் விளைவிக்கவேண்டும். உளுந்தையும் சேர்த்து. யாராவது செலவை ஏற்றுக்கொண்டால் நான் மாவரைக்க வருகிறேன்.

இவ்வளவு செய்து கண்டது என்ன?

சிலவற்றைச் சொல்கிறேன், நீங்கள் நிதி கேட்டு விண்ணப்பம் எழுதும்போது உதவும். 1977இல் அமெரிக்காவில் டென்னிஸ் பியர் குழு, ஆறாவது கார்பன் டியூட்டீரியத்தைக் கைக்குழந்தைகளுக்கும் சிறுவர்களுக்கும் கொடுத்து அளந்தது. கதிரியக்கப் பொருளாக இருந்திருந்தால் குழந்தைகளின் பக்கத்தில் போயிருக்க முடியாது. குழந்தைகள் ஒரு கிலோ எடைக்குப் பெரியவர்களைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு குளுக்கோஸ் தயாரித்தார்கள். எதைப் பொறுத்து அந்த அளவு கூடிக்குறைந்தது என்று பார்த்தால், மூளையின் எடையைப் பொறுத்து. உடம்பு சிறியது, தலை பெரியது. கல்லீரல் தலைக்காக உழைக்கிறது. பால் குடிக்காமல் தூங்கும் பச்சைக் குழந்தையைத் தட்டி எழுப்பிப் பாலூட்டச் சொல்லும் பாட்டிகளும் நர்சுகளும் பியரின் கட்டுரையைப் படித்ததில்லை.

இன்னொன்று: இப்போது நம் ஊர் மருந்துச் சீட்டுகளில் சாதாரணமாகத் தென்படும் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுகின்றன. சர்க்கரை குறைகிறது, எல்லோருக்கும் சந்தோஷம். 2014இல் இரண்டு குழுக்கள் தனித்தனியாக ட்ரேசர் வைத்துப் பார்த்தபோது, சிறுநீரில் போவது தெரிந்ததும் உள்ளிருந்து குளுக்கோஸ் உற்பத்தி கூடுவது தெரிந்தது. ஒரு வாசலைத் திறந்துவிட்டால் இன்னொரு வாசலில் ஆள் அதிகம் வருகிறார்கள். மாத்திரை வேலை செய்கிறது. கல்லீரல் அதில் ஒரு பங்கைத் திருப்பிப் போட்டுவிடுகிறது. மீட்டரை மட்டும் பார்த்திருந்தால் இது எந்தக் காலத்திலும் தெரிந்திருக்காது.

கடைசி வேலை

கேனுலாக்களை எடுத்து, பஞ்சை அழுத்தி, அண்ணாச்சிக்கு உப்புமாவும் காப்பியும் வரவழையுங்கள். மூச்சு மாதிரி எல்லாம் எடுத்தாயிற்று, சீனி போடலாம். சில வாரம் கழித்து அவர் ரிப்போர்ட் கேட்டு வருவார். உங்கள் கையில் இருப்பது ஒரே ஓர் எண்: ஒரு கிலோவுக்கு நிமிடத்துக்கு 2.3 மில்லிகிராம்.

“இது நார்மலா தம்பி?”

எந்த லேப் சீட்டிலும் இதற்கு நார்மல் என்று ஒரு கட்டம் அச்சடித்திருப்பதில்லை. வயது, பட்டினி நேரம், எடையா கொழுப்பில்லாத எடையா, எந்தத் தொப்பி, என்ன பிரைம் என்று நீங்கள் விளக்க ஆரம்பிப்பீர்கள். அண்ணாச்சி பாதியிலேயே கையமர்த்துவார்.

“அதெல்லாம் இருக்கட்டும். கருப்பட்டிக் காப்பி குடிக்கலாமா, கூடாதா? அதைச் சொல்லு.”

அவர் கையெழுத்துப் போட்ட ஒப்புதல் படிவத்தை எடுத்து, இரண்டாம் பக்கத்தைத் திருப்பி, தடித்த எழுத்தில் இருக்கும் வரியை வாசித்துக் காட்டுங்கள்: இந்த ஆய்வில் பங்கேற்பதால் உங்களுக்கு நேரடியான பலன் எதுவும் இல்லை.